கொரிய மாணவர்களுக்கு ‘ஆங்கிலம் மட்டும்’: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: திருப்பெரும்புதூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் கொரியக் குடும்பம் ஒன்றில், 11 வயது அக்காள், 8 வயதுத் தம்பி இருவருக்கு வீட்டுக்கே போய் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ‘ஒரு வார்த்தைகூட வேற மொழி வேண்டாம்’ என்பது பெற்றோரின் நிபந்தனை. எனக்கும் கொரிய மொழி தெரியாது. புரிகிறதா என்று கேட்டால் இருவரும் ‘யெஸ்’ என்கிறார்கள். ஆனால் சொன்னதைச் செய்வதில்லை.
*(ஆசிரியை, போரூர்)*

பதில்: கொரிய மொழி தெரியாதது குறையே இல்லை. நீங்கள் பேசும் ஆங்கிலம் அதிகமாக இருக்கலாம், அதைப் பாருங்கள். ‘ஓகே, நவ் ஐ வான்ட் யூ டு டேக் அவுட் யுவர் புக்ஸ் அண்ட் ஹேவ் எ லுக் அட் தி பிக்சர்’ என்று ஒரே மூச்சில் சொன்னால் அதில் பிள்ளைக்குத் தேவையான சொல் இரண்டுதான். ‘ஓப்பன் யுவர் புக். பேஜ் டென். லுக்.’ இவ்வளவு போதும். சொல்லும்போதே நீங்களும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அடுத்து பெரிய பிள்ளையை ஒருமுறை செய்ய வையுங்கள். பிறகு ‘பேஜ் டென் ஆர் பேஜ் ட்வெல்வ்?’, ‘ரைட் ஆர் ஸ்பீக்?’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். ‘டு யூ அண்டர்ஸ்டாண்ட்?’ என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆசிரியர் முகத்துக்கு நேரே ‘புரியவில்லை’ என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளையிடமிருந்து அந்தக் கேள்விக்கு ‘யெஸ்’ தவிர வேறு பதில் வராது.

இன்னொரு ‘யெஸ்’ ஆபத்து உண்டு. ‘டோன்ட் யூ லைக் மில்க்?’ என்று கேட்டால், பால் பிடிக்காத கொரியப் பிள்ளை ‘யெஸ்’ என்னும். நம் ஊர்ப் பிள்ளை ‘ஆமா, பிடிக்காது’ என்பதைப் போலத்தான் அது. முதல் சில மாதங்கள் எதிர்மறைக் கேள்வியே வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஆறு முதல் எட்டு புதுச் சொற்கள் போதும். ‘ஒன்ஸ் மோர், ப்ளீஸ்’, ‘ஐ டோன்ட் நோ’, ‘வாட்ஸ் திஸ் இன் இங்கிலீஷ்?’ போன்ற பத்து வாக்கியங்களை அட்டையில் எழுதி மேசைமேல் வையுங்கள். முதல் வாரம் விரலால் தொட்டுக் காட்டினாலும் சரி, இரண்டாம் வாரத்திலிருந்து வாயால் சொல்ல வேண்டும். அக்காள் தம்பிக்குக் கொரிய மொழியில் விளக்கினால் தடுக்காதீர்கள். விளக்கம் சரியா என்பது தம்பி செய்வதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிபந்தனை உங்கள் வாய்க்குத்தான், பிள்ளைகள் வாய்க்கு அல்ல என்று பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சுவோன் நகரில் மாணவர்களுக்கான ஆங்கில உரையாடல் வகுப்பில் உதவுகிறேன். கொரிய மொழியில் பேசினால் 100 வொன் அபராதம். வகுப்பு மயான அமைதியாக இருக்கிறது.
*(வாசகர், தென்கொரியா)*

பதில்: அமைதிக்கு அபராதம் இல்லையே! காசு மிச்சமாகும் வழியைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அபராத உண்டியலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டதும் ஒருவரைக் கை காட்டாதீர்கள். எல்லோரும் ஒரு நிமிடம் தாளில் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு ஆங்கிலத்தில் பேசட்டும். அதன் பிறகே வகுப்புக்கு முன் பேச்சு. ஒருவரிடம் கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மூன்றாவது எண்ணிலேயே தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். பிழையைப் பேச்சின் நடுவே திருத்த வேண்டாம். குறித்துவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் மூன்றை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். சகமாணவர் முன் தவறிவிடுவோமோ என்ற அச்சம் அங்கே கடுமையானது.

கொரிய மொழிக்கு நேரம் ஒதுக்குங்கள்: ஒவ்வொரு செயலுக்கும் முன், ‘என்ன செய்யணும்’ என்று பேசிக்கொள்ள இரண்டு நிமிடம். பச்சை அட்டை வைத்தால் கொரியம், சிவப்பு வைத்தால் ஆங்கிலம். ‘பொறுப்பு’ போன்ற கருத்துச் சொல்லை நடித்துக் காட்டி ஐந்து நிமிடம் வீணாக்குவதைவிட, ஒரு மாணவன் கொரியச் சொல்லைச் சொல்லட்டும், மூன்று விநாடியில் முடியும். பிள்ளை அழுதாலோ யாராவது சீண்டினாலோ அட்டை எந்த நிறத்தில் இருந்தாலும் செல்லாது.

கேள்வி: ‘ஸ்ட்ரைக்’ என்பதைக் கொரிய மாணவர்கள் ஐந்து அசையாக இழுக்கிறார்கள். ‘குட் நைட்’ என்பது ‘குன் நைட்’ ஆகிறது. காதில் கோளாறா?
*(பயிற்சி ஆசிரியர், கோவை)*

பதில்: காது நன்றாக இருக்கிறது. கொரிய அசையின் தொடக்கத்தில் மெய்கள் இப்படி அடுக்கி வராது. இடையில் ஓர் உயிரைச் செருகியாக வேண்டும். செருகுவது இதழ் குவியாத உகரம், நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது. ஆக ‘சு-து-ரா-இ-கு’. கொரிய அசை ‘ஸ்’ ஒலியில் முடியவும் முடியாது, அதனால்தான் ‘பஸ்’ என்பது ‘பஸு’ ஆகிறது. நாமும் ‘பஸ்ஸு’ என்பவர்கள்தானே. ‘பேஜ்’ போன்ற சொற்களின் முடிவில் மட்டும் இகரம் வரும்: ‘பேஜி’.

மருந்து: சொல்லைக் கடைசியிலிருந்து கட்டுங்கள். ‘ரைக்’, ‘ட்ரைக்’, ‘ஸ்ட்ரைக்’. ஒவ்வொன்றுக்கும் ஒரே கைத்தட்டு. இரண்டாவது தட்டு விழுந்தால் மறுபடி ‘ரைக்’.

‘குட் நைட்’ என்பது ‘குன் நைட்’ ஆவதும், ‘பிக் மேன்’ என்பது ‘பிங் மேன்’ ஆவதும் கொரிய ஒலிவிதியின் வேலை: ‘ப், ட், க்’ என்று முடிந்து அடுத்து மூக்கொலி வந்தால், அவையும் ‘ம், ன், ங்’ ஆகிவிடும். இரு சொல்லுக்கும் நடுவே ஒரு சொடுக்கு இடைவெளி விட்டுச் சொல்லவைத்து, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

‘ஃப’ வராமல் ‘ப’ வந்தால், உதட்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். ‘ப’வுக்குக் காகிதம் ஒருமுறை உதறும், ‘ஃப’வுக்கு மூச்சு உள்ளவரை படபடக்க வேண்டும். மேற்பல் கீழுதட்டில் படுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கட்டும். ‘ரைட்’, ‘லைட்’ குழப்பத்துக்குக் காரணம் கொரியத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்தே இருப்பது. ‘ல’வுக்கு நாக்கு நுனியை மேற்பல்லின் பின்மேட்டில் ஒட்டி இரண்டு விநாடி நிறுத்தச் சொல்லுங்கள், ஆங்கில ‘ர’வுக்கு நுனி எங்கும் தொடக்கூடாது. நம் ‘ர’வைச் சொல்லிக்காட்டிவிடாதீர்கள், அதிலும் நாக்கு தொடும்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே கொரிய எழுத்தில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் முழுக்கத் தடைசெய்யுங்கள். எழுதிய கணமே சொல் ஐந்து அசையாகிவிடும். பதிலாக அசைக்கு ஒரு புள்ளி, அழுத்தம் விழும் அசைக்குப் பெரிய புள்ளி.

கேள்வி: கொரிய அரசே ‘ஆங்கிலம் மட்டும்’ கொள்கையைக் கொண்டுவந்ததா?
*(வாசகி, திருச்சி)*

பதில்: தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் 1997இல் பாடமானது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே நடத்தும்படி ஆசிரியர்களைக் கல்வித்துறை வலியுறுத்தியதும் உண்டு. 2008இல் புதிய அதிபர் பொறுப்பேற்கும் முன், மற்ற பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்தலாம் என்ற யோசனை கிளம்பி, கடும் எதிர்ப்பால் உடனே கைவிடப்பட்டது.

கேள்வி: தென்கொரியத் தலைநகர் சோலில் உள்ள 17 வயது மாணவனுக்கு இணையவழி ஆங்கிலம் எடுக்கிறேன். கல்லூரி நுழைவுத்தேர்வுக்கும் ஆங்கிலம் மட்டும் பேசினால் போதுமா?
*(ஆசிரியர், மதுரை)*

பதில்: போதாது. ‘சுனுங்’ எனப்படும் அந்தத் தேர்வின் ஆங்கிலத் தாளில் 70 நிமிடத்தில் 45 கேள்விகள். 17 கேட்டல், மற்றவை வாசிப்பு. பேச்சுத் தேர்வு கிடையாது. கேள்வி வாசகமே கொரிய மொழியில்தான் இருக்கும். 2017 நவம்பர் தேர்விலிருந்து 90 மதிப்பெண் எடுத்த எவருக்கும் முதல் தரம் உண்டு. இலக்கணத்தை அவன் கொரியப் புத்தகத்திலேயே படிக்கட்டும்.

உங்கள் வேலை வாசிப்பு வேகம். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்று பெயருக்கு முன்னால் விவரத்தை வைப்பது தமிழுக்கும் கொரியத்துக்கும் பொது. ஆங்கிலத்தில் விவரம் பின்னால் வரும். அதனால் மாணவன் நீண்ட வாக்கியத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பி வருவான், நேரம் போய்விடும். மூன்று முதல் ஐந்து சொல்லுக்கு ஒரு சாய்கோடு போட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு துண்டின் பொருளையும் கொரியத்தில் முணுமுணுத்தபடி போகட்டும். பத்தி முடிந்ததும் சாரத்தை ஆங்கிலத்தில் ஒரு வரியில் உங்களிடம் சொல்ல வேண்டும். வகுப்புக்கு மூன்று பத்தி போதும். மூன்றாவதில் கோடு போட விடாதீர்கள்.