கோட்டைமுனையில் ட்ரான்ஸ்போமரை நிலத்துக்குக் கீழே வைக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு கோட்டைமுனையில் 14 பேர்ச் காணியில் ஐந்து மாடிக் கட்டடம் கட்டுகிறோம். கீழே கடைகள், மேலே 24 அறை விடுதி. மின்சார சபையில் ட்ரான்ஸ்போமருக்கு இடம் விடச் சொல்கிறார்கள். வாகனம் நிறுத்தும் இடம் குறைந்துவிடும் என்பதால் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிலத்துக்குக் கீழே அறை கட்டி, மேலே வாகனம் விடலாம் என்று நினைத்தோம். நியூயோர்க்கில் இருக்கும் மருமகன் அங்கே நடைபாதைக்குக் கீழேதான் எல்லாம் இருக்கிறது என்கிறார். கொந்தராத்துக்காரர் ஒரு மூலையில் 6 அடி தோண்டிப் பார்த்தார், தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு நீளம், அகலம், ஆழம் விடவேண்டும் ஐயா?

பதில்: நீளம் அகலத்தைப் பிறகு சொல்கிறேன். அந்தத் தோண்டலை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் காணியில் நிலத்தடி அறை வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் உங்களுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பார்ப்போம். மூன்று கட்ட 60 அம்பியர் இணைப்பு ஏறத்தாழ 42 கேவிஏ (மின் சுமையை அளக்கும் அலகு) தரும். அதற்கு மேலே போனால் மொத்த விநியோகப் பாவனையாளர் ஆகிவிடுவீர்கள், அங்கேதான் ட்ரான்ஸ்போமர் பேச்சு வருகிறது. 24 அறைக்கும் 12,000 பிரியூ ஏசி போட்டால் ஒன்றுக்கு 1.1 கிலோவாட் வீதம் 26 கிலோவாட். கடைகளுக்கு 20, லிப்டுக்கும் பம்புக்கும் 15, சமையலறை, விளக்கு, மற்றதுக்கு 20 என்று வைத்தால் மொத்தம் 81. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. 70 சதவீதம் ஓடும் என்று எடுத்தால் கிட்டத்தட்ட 57 கிலோவாட், அதை 0.9 ஆல் வகுத்தால் 63 கேவிஏ. 100 கேவிஏ ட்ரான்ஸ்போமர் தாராளம்.

கணக்கைக் கெடுப்பது குளியலறைச் சுடுநீர்க் கருவி. ஒன்று 3.5 கிலோவாட், 24 அறைக்கும் போட்டால் அது மட்டுமே 84. பாதி ஒரே நேரத்தில் ஓடினாலும் உங்கள் தேவை 110 கேவிஏக்குப் போய், 160 கேவிஏ ட்ரான்ஸ்போமர் கேட்கவேண்டி வரும். சுடுநீரைக் கூரையில் சூரிய வெப்பத்தில் எடுங்கள். மட்டக்களப்பு வெயிலை வைத்துக்கொண்டு கரண்டில் தண்ணீர் சுடவைப்பது எனக்கு எப்போதுமே விளங்காத கணக்கு.

100 ஆனாலும் 160 ஆனாலும், இந்த அளவு ட்ரான்ஸ்போமர் நம் ஊரில் இரண்டு கொங்கிறீற்றுத் தூண்களுக்கு நடுவே உயரத்தில்தான் நிற்கும். திருகோணமலை வீதியில் நடந்தால் தலைக்கு மேலே நீங்களே பார்க்கலாம். ஆகவே மின்சார சபை கேட்டது உண்மையில் அறையா, தூண் நிறுத்த இடமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 400 வோல்ட் பக்கத்தில் மீற்றர் வைத்து விநியோகம் எடுக்கும்போது செலவு உங்கள் தலையில் விழுந்தாலும் ட்ரான்ஸ்போமர் சபையின் பொறுப்பில்தான் இருக்கும். அதை எங்கே வைப்பது என்று நீங்களும் உங்கள் பிளேன் கீறுபவரும் மட்டும் தீர்மானிக்க முடியாது.

சரி, மருமகன் சொன்னதும் பொய்யில்லை. 1888 மார்ச்சில் வந்த பெரும் பனிப்புயலில் நியூயோர்க்கின் கம்பிகள் அறுந்து விழுந்த பிறகு, அந்த நகரம் கம்பிகளை நிலத்துக்குக் கீழே கொண்டுபோவதில் தீவிரமானது. இன்று மன்ஹாட்டனில் நடைபாதைக் கம்பி மூடிக்குக் கீழே இருக்கும் ட்ரான்ஸ்போமர்கள் தண்ணீரில் மூழ்கினாலும் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை. தொட்டி முழுக்க மூடியது, இணைப்புகளுக்குள் ஈரம் புகாது. பார்த்துக்கொள்ள மின் நிறுவனத்தின் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2012 அக்டோபர் 29ஆம் திகதி இரவு சாண்டி புயலில் கிழக்கு ஆற்றோரம் நிலத்துக்கு மேலே நின்ற உபமின்நிலையத்துக்குள் கடல் நீர் ஏறி வெடித்தது, மன்ஹாட்டனின் தென்பகுதி இருளில் கிடந்தது. கடைக்காரர் எடுத்துத் தரும் சாதாரண எண்ணெய் ட்ரான்ஸ்போமரும் அதன் சுவிட்ச் பெட்டியும் மூழ்குவதற்காகச் செய்தவை அல்ல.

நம்முடைய மண்ணுக்கு வருவோம். கோட்டைமுனை வாவியை ஒட்டிய மணல் நிலம். மழை காலத்தில் வாவியின் மட்டம் ஏறினால் நிலத்தடி நீரும் கூடவே ஏறும். முகத்துவாரத்து மணல் திட்டு மூடிக் கிடக்கும்போது வெள்ளம் வந்தால், அதை வெட்டிவிடும் வரை தண்ணீர் வடிய வழியில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 6 அடியில் இப்போது தெரியும் தண்ணீர், மார்கழியில் உங்கள் முற்றத்து மட்டத்துக்கு வரும் என்று வைத்தே கணக்குப் போடவேண்டும்.

போட்டுப் பார்ப்போம். வெளியளவு 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழம் உள்ள கொங்கிறீற்றுப் பெட்டி. சுவர், அடித்தளம், மேல் தட்டு எல்லாம் 25 சென்ரிமீற்றர் தடிப்பு. வெளியே தண்ணீர் நில மட்டம் வரை நின்றால் அது பெட்டியை 60 தொன் விசையோடு மேலே தள்ளும். பெட்டியில் உள்ள கொங்கிறீற்று ஏறத்தாழ 20.6 கன மீற்றர், நிறை 50 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. ட்ரான்ஸ்போமரும் சுவிட்சும் 2 தொன் என்று சேர்த்தாலும் 52 ஐத் தாண்டாது. அதாவது நீங்கள் கட்டப்போவது அறையல்ல, தோணி. அது மேலே எழும்பும்போது உள்ளே வரும் கேபிள்களையும் இழுத்துக்கொண்டு எழும்பும். மேல் தட்டுப் போடுவதற்கு முன் மழை பிடித்தால் நிலைமை இன்னும் மோசம், அப்போது பாரமும் குறைவு.

இதைத் தடுக்க முடியாது என்றில்லை. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண்ணை ஏற்றலாம், தடிப்பைக் கூட்டலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆழமும் அகலமும் கூடும், கூடும் ஆழத்துக்குத் தண்ணீரின் தள்ளலும் கூடும். கட்டி முடியும்வரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மணலில் இறைத்தால் பக்கத்துக் காணிக்காரரின் மதிலும் அத்திவாரமும் இறங்கும், கிணறும் வற்றும். அந்தச் சண்டை கட்டடத்தை விட நீளும்.

முடிந்த பிறகும் நிம்மதியில்லை. தண்ணீர் சுவரால் வருவதை விடக் கேபிள் குழாயால் உள்ளே வருவதுதான் அதிகம். அதை வெளியேற்றப் பம்பு வைத்தால், அடைமழையில் கரண்ட் போகும் அதே இரவில்தான் பம்பும் நிற்கும். எண்ணெய் கசிந்திருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே வடிகாலில் விடவும் முடியாது, அது போய்ச் சேருவது வாவியில்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் உங்களுக்கு இடம் மிச்சமாகிறதா என்றால், பெரிதாக இல்லை. ட்ரான்ஸ்போமரை இறக்கவும் பழுதானால் தூக்கவும் மேல் தட்டில் கழற்றக்கூடிய பெரிய வாய் வேண்டும். அதற்குப் பக்கத்தில் கிறேன் நிற்க இடம் வேண்டும். காற்று போய்வர இரண்டு கம்பி மூடி, ஆள் இறங்க ஒரு வழி. இவற்றின்மேல் வாகனம் நிறுத்தினால் ராத்திரியில் பழுது பார்க்க வருபவர் கார்ச் சொந்தக்காரரைத் தேடி அறை அறையாகத் தட்டவேண்டும்.

இப்போது தரைக்கு மேலே. பிற்காலத்தில் 400 கேவிஏ வரை போக இடம் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், உள்ளளவு 5 மீற்றருக்கு 4 மீற்றர், உயரம் 3.5 மீற்றர் உள்ள அறையை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். 20 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றர் என்பதால் இது ஒரு பேர்ச்சுக்கும் குறைவு, இரண்டு கார் நிற்கும் இடத்துக்கும் குறைவு. ட்ரான்ஸ்போமரைச் சுற்றி ஆள் நடக்க ஒரு மீற்றர் அளவில் விடுங்கள், சுவிட்சுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், திறந்த வெளியைப் பார்த்து இருக்கவேண்டும், லொறி கதவடிவரை வரவேண்டும். விடுதியின் மாடிப்படி வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 400 கேவிஏயில் சில நூறு லீற்றர் எண்ணெய் இருக்கும், தீப்பிடித்தால் ஆட்கள் இறங்கும் வழியே அடைபடும். முழு எண்ணெயும் கொட்டினாலும் கொள்ளக்கூடிய தொட்டி ட்ரான்ஸ்போமருக்குக் கீழே இருக்கட்டும். ஜெனரேற்றரின் டீசலை இந்த அறைக்குள் வைக்கவே கூடாது.

தரை மட்டத்தை வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அந்த ஒழுங்கையில் பழைய வீட்டுக்காரரிடம் போய், வெள்ளம் சுவரில் எதுவரை ஏறியது என்று காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேலே குறைந்தது அரை மீற்றர் உயர்த்துங்கள்.

கட்டடக் கலைஞர்கள் பெரும்பாலும் விடும் இடம் கேபிள் வளைவு. 33,000 வோல்ட் கேபிளைக் கம்பி மாதிரி மடக்க முடியாது. விட்டத்தைப்போல் 15 மடங்கு ஆரையில்தான் வளைக்கலாம். மூன்று கடத்தியும் ஒன்றாக வரும் கேபிள் 9 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால், வளைவுக்கே 1.35 மீற்றர் தேவை. வீதியிலிருந்து அறை வரை நேரான பாதை விடுங்கள், உதிரிக் குழாய் ஒன்றையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள்.

அப்புறம் காற்று. 400 கேவிஏ முழுப் பாரத்தில் ஏறத்தாழ 6 கிலோவாட் வெப்பத்தை வெளியே விடும். இயற்கைக் காற்றோட்டத்துக்குப் பொறியியலாளர்கள் பாவிக்கும் கணக்கு எளிது. வெப்பத்தின் கிலோவாட்டை 0.18 ஆல் பெருக்கி, கீழ்த் துவாரத்துக்கும் மேல் துவாரத்துக்கும் இடையிலான உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். 2 மீற்றர் உயர வித்தியாசத்துக்குக் கீழே 0.76 சதுர மீற்றர் வரும், மேலே அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட. அந்தச் சூத்திரம் ஆண்டுச் சராசரி 20 பாகை இருக்கும் நாட்டை மனதில் வைத்தது. நமக்கு 27, 28 பாகை. தகட்டுச் சாளரமும் பூச்சி வலையும் போட்டால் திறப்பு இன்னும் சுருங்கும். ஆகவே இரண்டு மடங்காகத் திறந்துவிடுங்கள், எதிரெதிர்ச் சுவர்களில்.

கடல் காற்றையும் மறக்கவேண்டாம். ட்ரான்ஸ்போமரில் கம்பி இணையும் பீங்கான் தலைகளுக்கு மிகக் கடுமையான உப்புச் சூழலுக்குரிய தவழ்தூரம் (மின்சாரம் பீங்கானின் மேற்பரப்பால் கசியாமல் இருக்க விடும் நீளம்), கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீற்றர் என்று கேட்டு எழுதுங்கள். 33,000 வோல்ட் அமைப்பின் உச்ச அளவான 36 கிலோவோல்ட்டுக்கு 1,116 மில்லிமீற்றர் வரும்.

பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குப் போகும்போது சுமைக் கணக்கு, காணி வரைபடம், வீதிப் பக்கக் கட்டடக் கோடு குறித்த பிளேன் மூன்றையும் கொண்டுபோங்கள். தூண்தான் என்று முடிவானால் உயர் அழுத்தக் கம்பிக்கும் உங்கள் பல்கனி, விளம்பரப் பலகைக்கும் இடையில் விடவேண்டிய தூரத்தை அங்கேயே எழுதி வாங்குங்கள். மாநகர சபைக்குப் பிளேன் கொடுப்பதற்கு முன் இது கையில் இருக்கவேண்டும்.

தோண்டிய குழி பற்றி. அது மதிலை ஒட்டி இருந்தால் தாமதிக்காமல் மணலைப் படை படையாகப் போட்டு இறுக்கி மூடுங்கள். மதிலை விட்டுத் தள்ளி இருந்தால் வீணாக்கவேண்டாம். 24 அறை விடுதிக்குக் குடிநீருக்கும் தீயணைப்புக்கும் எப்படியும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி தேவை, அதை அங்கே கட்டலாம். தண்ணீர் நிறைந்த தொட்டி மிதக்காது. கழுவுவதற்காக அதைக் காலியாக்குவது மட்டும் ஆனி ஆடி வெயில் காலத்தில் இருக்கட்டும், காலித் தொட்டிக்கும் மிதப்புக் கணக்குப் பார்க்கும்படி பொறியியலாளரிடம் சொல்லிவிடுங்கள்.