எழுதி வாங்கிக்கொண்டார்கள், இனி எங்கே வேலை தேடுவது?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஒன்பது ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். டிப்ளமோ நர்சிங் படித்தவள். வயது 34. ஒரு நைட் டியூட்டியில் வென்டிலேட்டரில் இருந்த மூன்று பேரை நான் ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த படுக்கையில் இருந்தவர் சுவாசக் குழாயைத் தானே பிடுங்கிவிட்டார். டாக்டர் உடனே வந்து மறுபடியும் குழாய் போட்டார். நோயாளி தேறி வீட்டுக்கும் போய்விட்டார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவருடைய கைக்கட்டை (குழாயைப் பிடுங்காதபடி கையைக் கட்டிவைப்பது) சரிபார்த்ததாக கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னார்கள். பார்க்காததை எழுத மாட்டேன் என்றேன். சம்பவ அறிக்கையில், மூன்று பேரை ஒருத்தியாகப் பார்த்ததையும் எழுதினேன். சில நாட்களில் ஹெச்.ஆர். அறைக்கு அழைத்து, ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுதாவிட்டால் டிஸ்மிஸ் செய்வோம், நர்சிங் கவுன்சிலில் சொல்லிப் பதிவையே ரத்து செய்வோம் என்றார்கள். என் அசல் சான்றிதழ்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அனுபவச் சான்றும் தரவில்லை. அங்கே திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார், இரண்டு குழந்தைகள். வேறு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போனபோது, ‘அங்கிருந்து ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்டார்கள், அழுகை வந்துவிட்டது. ஓர் ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கொடுத்தால் குவைத்துக்கு அனுப்புகிறேன் என்கிறார். நர்சிங்கையே விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: அன்புச் சகோதரிக்கு, பதிவை ரத்து செய்வோம் என்ற மிரட்டலை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரைப் பதிவேட்டில் வைத்திருப்பது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். அது சட்டப்படி அமைந்த அமைப்பு. யார் புகார் கொடுத்தாலும் உங்களை அழைத்து விசாரித்த பிறகுதான் எதுவும் செய்ய முடியும். ஒரு மருத்துவமனையின் ஹெச்.ஆர். மேலாளர் போனில் சொல்லிப் பெயரை நீக்கிவிட முடியாது. அப்படியே விசாரணை வந்தாலும், வென்டிலேட்டரில் இருந்த மூன்று பேருக்கு ஏன் ஒரே செவிலியர் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அத்தகைய நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது எல்லோரும் அறிந்த அளவு. அந்தப் புகாரை அவர்கள் கொடுக்கப் போவதில்லை.

இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். அந்த இரவில் நடந்ததை நேர வரிசைப்படி உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் கேஸ் ஷீட் படம் போனில் இருந்தால் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அது அவருடைய அந்தரங்கம்; உங்களுக்கே வினையாகவும் முடியலாம்.

உங்கள் முழுக் கடிதத்தில் பெரும்பகுதி அவர்கள் செய்த அநியாயத்தைப் பற்றியது. கோபம் நியாயமானதுதான். ஆனால் நியாயம் கேட்பதும் வேலை தேடுவதும் இரண்டு தனி வேலைகள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போய்த்தான் இன்டர்வியூவில் அழுகை வருகிறது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இப்போதைக்கு அந்த மருத்துவமனையிடம் உங்களுக்கு வேண்டியது காகிதங்களும் பணமும் மட்டுமே. அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

நிர்வாக இயக்குநருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அசல் சான்றிதழ்கள், பணியிலிருந்து விடுவித்த கடிதம், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஐ.சி.யூ. என்ற பிரிவின் பெயரும் உள்ள அனுபவச் சான்று, பணிக்கொடை (கிராஜுவிட்டி) உள்ளிட்ட கணக்கு முடிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். குழாய், கைக்கட்டு, மிரட்டல் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடிதத்தின் அடியில் ‘நகல்: இணை இயக்குநர், மருத்துவ நலப் பணிகள், கோயம்புத்தூர்’ என்று போட்டு, அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தனியார் மருத்துவமனைகளின் பதிவைக் கையாள்வது அந்த அலுவலகம். அதன் பெயரை நகல் வரியில் பார்த்தாலே, தொலைந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பல சான்றிதழ்கள் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிடும்!

கல்விச் சான்றிதழ் என்பது பிணையாகப் பிடித்துவைக்கும் சரக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கடிதத்துக்கு அசையவில்லை என்றால், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் தேவைப்பட்டால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி உண்டு. மிரட்டி எழுதி வாங்கியதை எதிர்த்துத் தொழிலாளர் துறையில் வழக்காட இடமிருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டு வையுங்கள். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த உங்களுக்குப் பணிக்கொடை உண்டு. கடைசி மாதச் சம்பளத்தில் பணிக்கொடைக்குக் கணக்கிடும் பகுதியை (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அதில் சேரும்) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வந்ததைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தச் சம்பளப் பகுதி 13,000 ரூபாய் என்றால் ஒன்பது ஆண்டுகளுக்கு 67,500 ரூபாய். 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனுப் போடலாம். உங்களிடம் பலவந்தமாக வாங்கிய அந்த ராஜினாமா இங்கே உங்களுக்குத்தான் சாதகம். ஒழுங்கீனத்துக்காக டிஸ்மிஸ் செய்திருந்தால் பணிக்கொடையைப் பிடித்துவைக்க ஏதாவது சாக்குச் சொல்லிப் பார்த்திருப்பார்கள். தாமாக விலகியவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு முழுவதும் எடுத்துவிடாதீர்கள். ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். நீங்கள் ஒன்பதில் நிற்கிறீர்கள். அடுத்த வேலையில் அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்) கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பது அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். அனுபவச் சான்று வர இழுத்தடித்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து இன்டர்வியூவுக்குக் கொண்டு போகலாம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருந்ததா? அப்படியானால் கட்டிய காலத்தைப் பொறுத்து இன்னும் சில மாதங்கள் குடும்பத்துக்குச் சிகிச்சை கிடைக்கும். கார்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

வேலை தேடுவதில் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் ஐ.சி.யூ.வில் இருந்திருக்கிறீர்கள். அங்கே வந்துபோன மயக்கவியல் டாக்டர்கள், நெஞ்சக நோய் டாக்டர்கள், சிறுநீரக டாக்டர்கள் பலரும் ஊரில் இன்னும் இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள். நள்ளிரவில் போன் செய்து எந்த நர்ஸ் சரியாக நிலைமையைச் சொல்வாள், யார் உளறுவாள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹெச்.ஆர். மேலாளர் உங்களைப் பற்றி என்ன சொன்னாலும், ‘அந்த சிஸ்டரை எனக்குத் தெரியும், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு மயக்கவியல் டாக்டர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். கூச்சப்படாமல் மூன்று பேருக்குச் செய்தி அனுப்புங்கள். ‘டாக்டர், நான் அங்கிருந்து விலகிவிட்டேன். ஐ.சி.யூ. வேலை தேடுகிறேன். உங்கள் பெயரைப் பரிந்துரைக்குக் கொடுக்கலாமா?’ இவ்வளவு போதும். உங்களுக்கு முன்பு விலகிப் போன தோழிகள் இப்போது எங்கே இன்சார்ஜாக இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். நர்ஸ் வேலைக்கு ஆள் தேவை என்ற செய்தி விளம்பரமாக வருவதற்கு முன் அவர்கள் காதுக்குத்தான் வரும்.

ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். பொய் சொல்ல வேண்டாம். கதை முழுவதையும் கொட்டவும் வேண்டாம். ‘ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதில் நிர்வாகத்தோடு எனக்குக் கருத்து வேறுபாடு, விலகிவிட்டேன்.’ இதை வீட்டில் கணவரை எதிரே உட்கார வைத்து, அழுகை வராத அளவுக்குச் சொல்லிப் பாருங்கள். இன்டர்வியூவில் சொன்ன கையோடு, ‘உங்கள் ஐ.சி.யூ.வில் நைட்டில் ஒருவருக்கு எத்தனை வென்டிலேட்டர் கொடுப்பீர்கள்?’ என்று நீங்களும் கேளுங்கள். அந்தக் கேள்வியில் முகம் சுளிக்கும் இடத்தில் சேர்ந்தால் ஆறே மாதத்தில் எனக்கு மறுபடியும் கடிதம் எழுதுவீர்கள்.

நர்சிங்கை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஐ.சி.யூ.வை வேண்டுமானால் விடலாம். இரவு வேலையே ஒத்துவரவில்லை என்றால் டயாலிசிஸ் பிரிவைப் பாருங்கள். உங்கள் அனுபவம் இருப்பவர்கள் அதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவி அறை இருக்க வேண்டும் என்பது சட்டம்; அதற்குச் செவிலியர் தேவை. கோயம்புத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த அளவுள்ள மில்களும் ஃபவுண்டரிகளும் இருக்கின்றன. கணவரின் பட்டறைத் தொடர்புகள் இங்கே உதவக்கூடும். அரசுப் பக்கம், மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்த அடிப்படையில் செவிலியர்களை எடுக்கும்போது மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி நிவாரணச் சிகிச்சைக்கும் செவிலியர்கள் உண்டு. தொகுப்பூதியம்தான், குறைவுதான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வுக்கும் படித்துக்கொண்டே இருங்கள், ஆனால் அதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றும் வேலை) படித்தால் உடனே வேலை என்று கட்டணம் கேட்கும் பயிற்சி மையங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கையில் தொழில் இருப்பவர் கடன் வாங்கி இன்னொன்று கற்க இது நேரமல்ல.

சம்பளம் பேசும்போது நினைவில் இருக்கட்டும். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின் அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் ஒன்பது ஆண்டு அனுபவத்தோடு போகிறவர், புதிதாகப் படித்து வந்தவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குத் தலையாட்டக் கூடாது.

கடைசியாக அந்த ஏஜென்ட். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். குவைத், சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர்களுக்கு 2015 முதல் இந்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) கட்டாயம். சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் அங்கே மாற்றித் தருகிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். வெளிநாடு போகும் ஆசை இருந்தால், கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அனுபவச் சான்று வேண்டும். வளைகுடா வேலைக்கு அந்தச் சான்றைச் சரிபார்க்கும் நிறுவனம் நேராக உங்கள் பழைய மருத்துவமனையைத்தான் தொடர்புகொள்ளும். நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் கோபத்தைக் காட்ட வேண்டாம் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.