ஆறுதல் சொல்லாத கவிதையாகப் பார்த்துப் படியுங்கள்

கேள்வி: அப்பா இல்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. ஊர் வீட்டையும் போன மாதம் விற்றுவிட்டோம். தம்பி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் பழையபடி ஆகிவிட்டார்கள். எனக்கு மட்டும் ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கவிதை படித்தால் மனசு லேசாகும் என்று ஒரு தோழி தினமும் நம்பிக்கைக் கவிதைகளாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். படித்தால் எரிச்சல்தான் வருகிறது. கவிதை எனக்கு ஒத்துவராதா?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எரிச்சல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பனித்துளி படத்தின்மேல் 'இருள் விலகும், விடியல் வரும்' என்று எழுதி அனுப்புவது, அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் 'சரி சரி, போதும், மூஞ்சியைக் கழுவு' என்று சொல்வது மாதிரி. தோழியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கவிதைகளை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுவதையும் மூன்று முறை படித்தேன். ஓரிடத்தில்கூட அப்பா 'இறந்தார்' என்று நீங்கள் எழுதவில்லை. 'இல்லாமல் போய்', 'அப்பா இல்லாத வீடு', 'இல்லை என்று யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை'. எல்லாம் 'இல்லை'தான். அதைப் படித்ததும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாரியின் பெண்கள் பாடியது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்காகப் படித்ததை மறந்துவிட்டு இப்போது பாருங்கள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதம் இதே நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இதே நிலவில் மலையையும் எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டதும், பாரி மாண்டதும் நாம் வெளியிலிருந்து தெரிந்துகொள்ளும் கதை. பெண்கள் அதையெல்லாம் சொல்லவே இல்லை. அழுகை, கண்ணீர், சாவு என்று ஒரு சொல் கிடையாது. 'எந்தையும் இலமே.' நீங்கள் எழுதிய அதே 'இல்லை'.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் இரண்டு அடியில் அப்பா முன்னால் வருகிறார், மலை பின்னால். கடைசி இரண்டு அடியில் அது தலைகீழாகிவிடுகிறது. மலை போனதை முதலில் சொல்கிறார்கள். அப்பாவை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டு, வேறு வழியில்லாமல் கடைசியில் சொல்கிறார்கள். நீங்களும் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க வீடு விற்றதைப் பற்றி எழுதிவிட்டுத்தான் அப்பாவிடம் வந்திருக்கிறீர்கள். வீட்டுக்காகவா இவ்வளவு அழுகிறாய் என்று தம்பி கேட்டாராமே, அவருக்கு இந்தப் பாட்டைக் காட்டலாம்.

கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் உங்கள் மாதிரியே திணறியிருக்கிறார்கள். 'கவலைப்படாதே' என்று அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து கவிதை தரும் ஆறுதல் அந்த மாதிரிதான்.

என் கதையையும் சொல்கிறேன். அம்மா போனபோது எனக்குக் கண்ணீரே வரவில்லை. காரியம் முடிந்து, வந்தவர்கள் போய், பாத்திரங்களை எல்லாம் எடுத்து வைத்தும் வரவில்லை. மொட்டைமாடியில் அம்மா ஒரு பழைய பெயிண்ட் வாளியில் முல்லை வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்துத் துணி காயப்போடப் போனால், கொடி முழுக்கப் பூ! எனக்கு அந்தக் கொடிமேல் அப்படி ஒரு கோபம். யார் பறிக்க வேண்டும் என்று இப்படிப் பூக்கிறாய்? பைத்தியக்காரத்தனம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் வேறு எதையோ தேடப்போய்ப் புறநானூறு 242 கண்ணில் பட்டது. குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர்ச் சாத்தன் என்ற வீரன் இறந்தபின் பாடுகிறார். இளையோர் சூடமாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்யமாட்டார்கள், பாணனும் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள். சாத்தன் மாய்ந்த பிறகு 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே' என்று செடியிடம் கேட்கிறார். அன்றைக்குத்தான் அழுதேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம்.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஒப்பாரி இருந்தது. பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி ஒரு வரி எடுக்க, துக்கத்துக்கு ஒரு ராகமும் அளவும் கிடைத்தது. இப்போது அடுக்குமாடியில் ஐஸ்பெட்டி மோட்டார் சத்தத்துக்கு நடுவே மெதுவாகத்தான் அழ வேண்டியிருக்கிறது. மிச்சத்தை ராத்திரி 2 மணிக்குத் தனியாக அழுகிறோம்.

அந்த 2 மணிக்கென்றே ஒரு பாட்டு, குறுந்தொகை 28, ஔவையார் எழுதியது. காதல் நோயில் தூக்கம் வராத ஒருத்தி, முட்டுவேனா, தாக்குவேனா, ஆ, ஓ என்று கத்துவேனா என்கிறாள். தன் நோய் தெரியாமல் ஊர் தூங்குகிறதே என்று அவளுக்கு ஆத்திரம். நோய் வேறு, ஆத்திரம் உங்களுடையதேதான்.

எப்படிப் படிப்பது? வாய்விட்டுப் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். புறநானூறும் குறுந்தொகையும் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ராத்திரியில் போனைத் திறக்காதீர்கள், அதில் அப்பாவின் பழைய மெசேஜ்களும் இருக்கும். ஒரு நோட்டில் கையால் எழுதித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது உங்கள் வரி ஒன்று குறுக்கே வந்தால் அதையும் எழுதுங்கள். யாப்பு, எதுகை எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. எட்டு மாதத் தூக்கக்கேட்டைக் கவிதையிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு ராத்திரி தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், கணவரையும் எழுப்புங்கள்.

பறம்பு மலை என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் என்பார்கள். திருச்சியிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம். வீடு விற்ற பிறகு ஊர்ப்பக்கமே போகப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஊருக்கு வேண்டாம், இங்கே போய்வாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.