பீரோ நிறையத் துணி, காலையில் போட ஒன்றுமில்லை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 39. சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பிள்ளைகளுக்காகப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பீரோ நிறையத் துணி இருக்கிறது. ஆனால் காலையில் எதைப் போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன். கூட வேலை செய்யும் பெண்கள் மேலும் கீழும் ஒரே துணியில் வரும் கோ-ஆர்ட் செட், லினன் புடவை என்று அழகாக வருகிறார்கள். அதைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினால் எனக்கு மட்டும் தோளில் தொங்குகிறது, இடுப்பில் பிடிக்கிறது. கொஞ்சம் குண்டு, நிறமும் கருப்பு. “ஆண்டி மாதிரி டிரஸ் பண்ணாதீங்கம்மா” என்கிறாள் மகள். “இந்த வயசுல என்ன ஸ்டைல் வேண்டியிருக்கு” என்கிறார் மாமியார். எனக்கென்று ஒரு ஸ்டைல் வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா? எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தப்பே இல்லை. உடையைப் பற்றி யோசிப்பது வெட்டி வேலை என்று யாராவது சொன்னால் நம் வேலூர்க் கோட்டையைக் காட்டுங்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதி அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு, புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவு ஒரு முக்கியக் காரணம். தன் உடம்பில் எதைப் போட்டுக்கொள்வது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ‘எனக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரெடிமேட் துணி தோளில் தொங்கி இடுப்பில் பிடிப்பது உங்கள் உடம்பின் குறை அல்ல. நம் நாட்டுப் பெண்களுக்கென்று ஒரு பொதுவான அளவு முறை நெடுங்காலமாக இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டு தைத்தது. ஒரு கடையில் ‘எல்’ சரியாக இருக்கிறவருக்கு இன்னொரு கடையில் ‘டபுள் எக்ஸ்எல்’ தேவைப்படுவது அதனால்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நிஃப்ட் என்கிற ஃபேஷன் கல்வி நிறுவனமும் மத்திய ஜவுளி அமைச்சகமும் 25,000 பேரின் உடம்பை ஸ்கேனரில் அளக்கும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தைக் கையில் எடுத்தன. நாட்டு அளவில் இவ்வளவு பெரிய வேலை நடக்க வேண்டியிருக்கிறது என்றால், தொங்கும் ஒரு டாப்ஸுக்காக நீங்கள் உங்களையே நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். இனி சில மாதம் புதுத் துணி எடுக்கும் பணத்தில் பாதியைத் தையலுக்குக் கொடுங்கள். உங்களுக்கு இல்லாதது துணி அல்ல, பொருத்தம்.

முதலில் ஜாக்கெட். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து “இதே மாதிரி” என்று சொல்லிவிட்டு வருவதுதான் நம் எல்லோருடைய வழக்கம். அந்த அளவு ஜாக்கெட் நாலைந்து வருடத்துக்கு முந்தைய உடம்புக்குத் தைத்தது. இந்த முறை உடம்பிலேயே அளவு எடுக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இயல்பாக நில்லுங்கள். தைத்து வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல வலது கையைத் தூக்குங்கள். ஜாக்கெட் முழுக்கக் கையோடு மேலே ஏறினால் கைக்குழி அதிகமாக இறங்கியிருக்கிறது. இறக்கமான கைக்குழிதான் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அக்குளை ஒட்டி இருக்கும் கைக்குழிதான் கையைத் தாராளமாகத் தூக்க விடும். அப்புறம் நாற்காலியில் உட்காருங்கள். ஊக்குகளுக்கு நடுவே துணி விலகினால் மார்புச் சுற்றில் போதவில்லை. தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டிக் கையில் விழுந்தால் அங்கே அகலம் அதிகம். உள்பக்கம் ஓர் அங்குலம் துணி விட்டே தைக்கச் சொல்லுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் டெய்லரிடம் சொல்லக் கூச்சமே வேண்டாம். காரணத்தோடு சொன்னால் நல்ல டெய்லர் சந்தோஷமாகத்தான் கேட்பார்.

ஆன்லைனில் வாங்கிய டாப்ஸ்களையும் அதே டெய்லரிடம் கொண்டுபோங்கள். இடுப்புக்கும் மார்புக்கும் சரியாக இருப்பதை வைத்துக்கொண்டு தோளையும் பக்கவாட்டையும் பிடித்துவிடலாம். சின்னதாக வாங்கியதை விரிப்பதுதான் கஷ்டம், அதைத் தங்கைக்கோ மகளுக்கோ கொடுத்துவிடுங்கள். லெக்கிங்ஸுக்குப் பதில் நேராக இறங்கும் காட்டன் பேண்ட் இரண்டு தைத்துக்கொண்டால், பழைய டாப்ஸ்களுக்கே புதுக் களை வந்துவிடும். டாப்ஸில் பாக்கெட் கேளுங்கள், கெட்டித் துணியில். வேலைக்குப் போகும் பெண் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

துணி விஷயத்தில் நம் வெயிலை மறக்கக் கூடாது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, மத்தியானத்துக்குள் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ‘காட்டன்’ என்று விற்பதெல்லாம் காட்டனாகவும் இருப்பதில்லை. ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலோடு அந்த மணியும் தட்டுப்படும். காட்டன் எடுத்தால் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

இனி புடவை. லினன் புடவையைப் பார்த்து ஏங்குகிறீர்கள். ஆனால் இன்று இந்திய ஃபேஷனில் பெரிதாகப் பேசப்படுவது ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நெசவை அன்றாடம் உடுத்துவதுதான். 2015-ல் பெங்களூருவில் இரண்டு பெண்கள், வருடத்தில் நூறு நாளாவது புடவை கட்டுவோம், அந்தப் புடவையின் கதையையும் சொல்வோம் என்று உறுதி எடுத்தார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தங்கள் பீரோவைத் திறந்தார்கள். நமக்குப் பக்கத்தில் ஆரணி இருக்கிறது. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது அது திருவண்ணாமலைப் பக்கம் போனாலும், நம் வீட்டுக் கல்யாணங்களை விட்டுப் போகவில்லை. புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. கனம் குறைந்த ஆரணிப் பட்டு ஒன்றாவது உங்கள் பீரோவில் மடித்தபடி கிடக்கும் என்று நினைக்கிறேன்.

அதில் சின்ன பார்டரும் ஒரே நிற உடலும் உள்ளதை எடுங்கள். கூடவே வந்த அதே நிற ஜரிகை ஜாக்கெட் வேண்டாம். முழங்கை வரை கை வைத்த, படகுக் கழுத்து வெட்டிய காட்டன் ஜாக்கெட் ஒன்று, அரக்கிலோ கருநீலத்திலோ. இன்னொன்று, துணியில் கையால் சித்திரம் வரையும் கலம்காரியில். அதற்குப் பேர்போன காளஹஸ்தி நமக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. இந்த இரண்டு ஜாக்கெட்டும் உங்களிடம் உள்ள பாதிப் புடவைகளுக்குப் பொருந்தும். கல்யாண வீட்டுப் புடவை அலுவலகப் புடவையாக மாறுவது அந்த ஜாக்கெட்டில்தான். மடிப்பிலேயே இழை விட்டுப்போன பழைய பட்டு இருந்தால் அதைக் கட்ட வேண்டாம், உட்காரும்போது கிழியும். லைனிங் வைத்து டாப்ஸாகத் தைத்துக்கொள்ளலாம். மற்றவற்றைச் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.

புடவை கட்டும் முன்பே செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் நீளம் சரியாக நிற்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த ஷூக்கள் வெளிநாட்டுக்குப் போகின்றன. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ரெக்சின் செருப்பில் கால் வெந்து நடப்பது எனக்கு வருத்தம். தட்டையான நல்ல தோல் செருப்பு ஒரு ஜோடி போதும்.

நிறத்தைப் பற்றி எழுதியிருந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. கருப்பாக இருப்பவர்கள் மங்கல் நிறம்தான் போட வேண்டும் என்று யாரோ சொல்லிச் சொல்லி நம் பெண்களைச் சாம்பலுக்கும் பழுப்புக்கும் பின்னால் ஒளிய வைத்துவிட்டார்கள். இந்த மண்ணின் தறிகள் மாம்பழ மஞ்சளையும் மயில் கழுத்து நிறத்தையும் அரக்கையும் இலைப்பச்சையையும் யாருக்காக நெய்தன? நம் தோலுக்காகத்தான். பயப்படாமல் எடுங்கள். ஒரே ஒரு கவனம்: கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். கண் பளிச்சென்று தெரிந்தால் அது உங்கள் நிறம். துணி மட்டும் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அடுக்கடுக்காகப் பிரித்துப் போட்டார்களே என்று சங்கடப்பட்டு எடுக்காதீர்கள்.

மாமியாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், கட்டிக்கொண்டு கிளம்புங்கள். மகளுக்கு வேலை கொடுங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும்தான் நமக்குக் கண்ணாடியில் தெரிகிறது, அலுவலகத்தில் மற்றவர்கள் பார்ப்பது எல்லாப் பக்கமும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். போட்ட பிறகு நாள் முழுக்க ஒருமுறைகூட இழுத்துவிட்டுக்கொள்ளத் தோன்றாத உடை ஒன்று உங்களிடம் இருக்கும். சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை, அதுதான் உங்கள் ஸ்டைலுக்கு அளவு. அதன் கழுத்து, கை நீளம், தளர்வு மூன்றையும் டெய்லரிடம் காட்டி, அதே மாதிரி உங்கள் நிறத்தில் ஒன்று தைக்கச் சொல்லுங்கள். சரியாக வந்தால் அடுத்தது. சாரதி மாளிகைக் கடைகள் பக்கம் புது டாப்ஸ் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. தீபாவளிக் கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள், அந்த மாதத்தில் எந்த டெய்லருக்கும் நின்று அளவு எடுக்க நேரம் இருக்காது.