237 வாட்டா, 218 வாட்டா?

கேள்வி: பத்து நிமிட வார்ம்-அப் முடித்து, வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கும் ட்ரெய்னரில் 20 நிமிடச் சோதனை செய்தேன். சராசரி 250 வாட். அதில் 95 சதவீதம் எடுத்து எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வாட்) 237 என்று வைத்துக்கொண்டேன். ஆய்வகமோ லாக்டேட் வரம்பு, அதாவது கடும் உழைப்பில் தசை வெளியிடும் லாக்டேட் ரத்தத்தில் தேங்காமல் மிதிக்கக்கூடிய உச்சம், 218 வாட் என்கிறது. 237-இல் இரண்டாவது 20 நிமிடப் பயிற்சியை முடிக்கவே முடிவதில்லை. எதை நம்புவது?

பதில்: 237-ஐ இன்றே அழித்துவிடுங்கள். சைக்கிள் பயிற்சியாளர் ஹன்டர் ஆலனும் உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ கோகனும் பரப்பிய இந்தச் சோதனையில், 20 நிமிடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் முழு மூச்சாக மிதிக்க வேண்டும். கால் கடுக்கும் என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். நீங்களும் விட்டிருக்கிறீர்கள்.

ஆக்சிஜன் வழியே கிடைக்கும் ஆற்றல் போதாதபோது எடுத்துச் செலவழிக்க, தசைகளிடம் ஒரு சேமிப்பு உண்டு. அது 24 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 1,200 விநாடிகளில் அதைத் தீர்த்தால் விநாடிக்கு 20 ஜூல், அதாவது 20 வாட். உங்கள் 250-க்குள் இருக்கும் அந்த 20 வாட் ஒரு மணி நேரம் தாங்காது. ஐந்து சதவீதக் கழிவில் போவதோ 12.5 வாட்தான். ஸ்பிரின்ட்டில் வல்லவர்களுக்குச் சேமிப்பு பெரிது, ஏமாற்றமும் பெரிது. அதை முன்கூட்டியே கரைக்கத்தான் அந்த ஐந்து நிமிடம்.

ஆய்வக எண்ணையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தொடும் வாட்டைத்தான் வரம்பு என்று எழுதித் தருவார்கள். அந்த 4 ஒரு சராசரி. சிலருக்கு உண்மையான வரம்பு 3-இலேயே வந்துவிடும், சிலர் 6-இலும் நிதானமாக மிதிப்பார்கள். ஆய்வகத்தில் வாட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள்; ஒவ்வொரு படியும் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். மூன்று நிமிடப் படி என்றால் லாக்டேட் ரத்தத்தில் நிலைப்படுவதற்குள் அடுத்த படி வந்துவிடும். வரம்பு சற்றுக் கூடுதலாகத் தெரியும். முதல் நாள் சோறு, ரொட்டியைக் குறைத்திருந்தாலும் அப்படியே. வியர்வையிலும் லாக்டேட் உண்டு என்பதால், காதுமடலைச் சரியாகத் துடைக்காமல் எடுத்த துளி நேர்மாறாக வரம்பைக் குறைத்துக் காட்டும்.

நான் நம்புவது நீண்ட சோதனையைத்தான். பவர் மீட்டரைப் பூஜ்ஜியப்படுத்தி, மின்விசிறியை நேர் எதிரே வைத்து, 225 வாட்டில் 30 நிமிடம் மிதியுங்கள். பத்தாவது நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும் ஒவ்வொரு துளி ரத்தம்: வித்தியாசம் 1 மில்லிமோலைத் தாண்டாவிட்டால் நீங்கள் வரம்புக்குள் இருக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து 232-இல் செய்து பாருங்கள். லாக்டேட் மீட்டர் இல்லையென்றால் மூச்சைக் கவனியுங்கள்; பாதி நேரத்துக்குப் பிறகு அது ஏறிக்கொண்டே போனால் அந்த வாட் உங்களுக்கு அதிகம்.

அதுவரை 20 நிமிடப் பயிற்சிகளை 220-இல் வைத்துக்கொள்ளுங்கள்.