பந்தயக் குதிரைக்கு ஒரு லாடம், தாண்டும் குதிரைக்கு ஒரு லாடமா?

கேள்வி: வண்டிப் பந்தயத்தில் ஓடிய எங்கள் குதிரையை மகன் இப்போது தடை தாண்டப் பழக்குகிறான். பழைய இரும்பு லாடமே போதுமா, ரேஸ் குதிரைக்குப் போடுகிற அலுமினிய லாடம் நல்லதா? கொஞ்ச நாளாக முன்னங்கால் சூடாக இருக்கிறது. – வாசகர், தேவகோட்டை

பதில்: லாடம் அப்புறம், முதலில் அந்தச் சூடு. முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தாலோ தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) வெளியே புடைத்திருந்தாலோ தாண்டுவதை இன்றே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. தாண்டி இறங்கும்போது அவ்வளவு பாரமும் அங்கேதான் விழுகிறது. நாலுகால் பாய்ச்சலிலும் அடிபடுவது முன்னங்கால் தசைநாண்தான். டிரஸ்ஸாஜ் (சவாரிக்காரர் சைகைக்கு ஏற்ப நளினமாக நடை போடும் போட்டி) குதிரைக்கு வேறு கதை, அதற்குப் பின்னங்கால்தான் அதிகம் படுத்தும். தார் ரோட்டில் வண்டி இழுத்த குதிரைக்கோ அதிர்ச்சி நேராகக் குளம்புக்கும் மூட்டுக்கும் போயிருக்கும்.

அலுமினிய லாடம் எடை குறைவு என்பதால்தான் ரேஸில் போடுகிறார்கள், நம் சரளைத் தரையில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். உங்களுக்குச் சாதாரண இரும்பே போதும். லாடத்தின் ரகத்தைவிட அதை எப்போது மாற்றுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். லாடம் தேய்ந்து விழட்டும் என்று விட்டுவைத்தால் (நம் பக்கம் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது) குளம்பின் முன்நுனி நீண்டு, பின்பக்கம் தாழ்ந்து, ஒவ்வொரு அடிக்கும் தசைநாண் கூடுதலாக இழுபடும். தேயாவிட்டாலும் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவிவிட்டுக் கட்டுங்கள். மாட்டுக்கு மட்டுமே லாடம் கட்டிப் பழகியவரிடம் கொடுக்காதீர்கள், பிளவுபட்ட குளம்பில் இரண்டு துண்டாகக் கட்டுகிற வேலையே வேறு.

பிடிப்புக்கு லாடத்தில் திருகும் ஆணி ஈரப் புல்லுக்கு மட்டும் போதும். இறங்கும்போது குளம்பு கொஞ்சமாவது சறுக்க வேண்டும், தரையில் சிக்கிக்கொண்டால் முறுக்கு மூட்டுக்குப் போகும். காய்ந்து வெடித்த கண்மாயிலும் கால் புதையும் மணலிலும் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: ஆணி அடித்தால் குதிரைக்கு வலிக்காதா? – வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அடிக்குளம்பில் தெரியும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே அடித்தால் வலிக்காது, அங்கே உணர்ச்சியே கிடையாது. உள்ளே போய்விட்டால் உடனேயோ அடுத்த சில நாளிலோ நொண்டும். அப்போது தாமதிக்காமல் அந்த ஆணியைப் பிடுங்கச் சொல்லி, மருத்துவரிடம் காட்டி டிடி (ரண ஜன்னித் தடுப்பு) ஊசியும் போட்டுவிடுங்கள்.