சூப்பர் மார்க்கெட்டின் சொந்தச் சரக்கும் விளம்பரத்தில் வரும் பிராண்டும் ஒன்றுதானா?

கேள்வி கேட்டவர் மயிலாடுதுறைக்காரர். பக்கத்தில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் உப்பிலிருந்து சோப்பு வரை கடையின் பெயரிலேயே விலை குறைவாகக் கிடைக்கிறதாம். அம்மாவோ "பேர் தெரியாத சாமான் அடுப்படிக்குள்ள வரக்கூடாது" என்கிறாராம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

பொருளைப் பொறுத்து இரண்டு பேரும் சரி. ஒரு பொருளில் என்ன, எவ்வளவு இருக்கவேண்டும் என்று அரசாங்கமே அளவு போட்டு வைத்திருந்தால் விலை குறைந்ததைத் தாராளமாக எடுக்கலாம். கலவை விகிதத்தைக் கம்பெனிக்காரன் கையில் விட்டிருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கவேண்டும். கும்பகோணத்தில் ஒரு ஏஜென்சியில் லைன் சேல்ஸ் பார்த்தவன் நான். வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி என்று கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுத்த பழக்கத்தில் இன்றைக்கும் எந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் பின்பக்கம்தான் முதலில் கண்ணில் படும்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அயோடின் உப்பு என்றால் கடைக்கு வந்து சேரும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்கவேண்டும் என்பது விதி. பிரபல கம்பெனிக்கும் அதே விதி, கடைப் பெயர் போட்ட பாக்கெட்டுக்கும் அதே விதி. குழம்பில் போட்டபிறகு எந்த நாக்காலும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே வித்தியாசம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெரியும். விலை கூடியது டப்பாவில் பொலபொலவென்று இருக்கும், மற்றது சில சமயம் கசிந்து கட்டி பிடிக்கும். கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் பாக்கெட்டின் கனமும்தான் காரணம். டப்பா மூடி இறுக்கமாக இருந்தால் அந்தக் காசும் மிச்சம். ஜீனியும் இப்படித்தான். மூட்டையில் வருவதைக் கிலோ கிலோவாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். எஸ்-30, எம்-30 என்று தரம் பிரிப்பது பெரும்பாலும் குருணையின் அளவை வைத்து. ஜீனிக்கு பிராண்டு என்பதே எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பாலிலும் டோன்டு என்றால் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5, ஃபுல் கிரீம் என்றால் 6 என்று சட்டமே குறைந்தபட்ச அளவைச் சொல்லிவிட்டது. பாக்கெட் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: "ரெண்டும் ஒரே ஃபேக்டரியிலதான் தயாராகுது சார், லேபிள்தான் வேற." பல பொருள்களில் அது உண்மை. 'தயாரிப்பு' என்று ஒரு முகவரியும் 'விற்பனை' என்று வேறொரு முகவரியும் இருந்தால், கடைக்காரர் வேறொரு ஆலையில் செய்து வாங்குகிறார் என்று அர்த்தம். கூடவே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுத்த 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். ஆனால் ஆலை ஒன்று என்பதால் சேர்மானமும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆர்டர் கொடுப்பவர் எவ்வளவு காசு தருகிறாரோ அதற்குத் தகுந்தாற்போல்தான் பக்குவம். ஒரே சமையல்காரர் நூறு ரூபாய் இலைக்கும் சமைப்பார், முந்நூறு ரூபாய் இலைக்கும் சமைப்பார்.

சோப்பில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் சதவீதம் அது. 76க்கு மேல் முதல் தரம், 70க்கு மேல் இரண்டாம் தரம், 60க்கு மேல் மூன்றாம் தரம். இந்த மூன்றும் 'டாய்லெட் சோப்'. 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை, அதற்கு 40 இருந்தாலே போதும். நடிகை சிரிக்கும் உறைக்குள் பாத்திங் பாரும் உண்டு, பேர் தெரியாத உறைக்குள் 76ம் உண்டு. எண் கூடுதலானது தண்ணீரில் சீக்கிரம் கூழாகாது, தோலும் அவ்வளவாக வறளாது. வாசனைக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பில்லை, அது வாசனைக்கான காசு என்று தெரிந்து கொடுத்தால் சரி.

காப்பித்தூளுக்கு வருவோம். காவிரிக்கரையில் சண்டை வருவதே இதில்தான். சிக்கரி கலந்த காப்பியில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் சட்டம் விட்டுவிடும். அதாவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி சிக்கரி போடலாம், விகிதத்தை மட்டும் உறையில் சொல்லிவிடவேண்டும். 80க்கு 20 இருக்கிறது, 70க்கு 30 இருக்கிறது, ஊரறிந்த பிராண்டிலேயே 53க்கு 47 போட்ட பாக்கெட்டும் இருக்கிறது. சிக்கரி மலிவு. அதனால் 53க்கு 47 பாக்கெட் மற்றதைவிட விலை குறைவாக இருந்தால் அதைச் சல்லிசு என்று சொல்லமுடியாது. காப்பி குறைவு, காசும் குறைவு, அவ்வளவுதான். கடைப் பெயர் போட்ட தூளில் 80க்கு 20 என்று இருந்து, விலை பிராண்டின் 70க்கு 30ஐவிடக் குறைவாக இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். சிக்கரி கூடினால் டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். அதைப் பார்த்து "ஆகா, ஸ்ட்ராங்" என்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பால் ஊற்றியதும் மணம் எங்கே போனது என்று தேடவேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் இந்த இரண்டு வழியும் கிடையாது. கண்ணெதிரே கொட்டையை அரைத்து, சிக்கரி எவ்வளவு என்று கேட்டுப் போட்டுத் தரும் கடைகள் கும்பகோணத்தில் இருக்கும்போது பாக்கெட் எதற்கு?

பெருங்காயமும் இதே ஜாதி. நாம் வாங்குவது எல்லாமே கூட்டுப் பெருங்காயம், கோதுமை மாவோ மைதாவோ கோந்தோ சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் வருகிறது. சேர்மானத்தில் எது எடை கூடுதலோ அதைத்தான் முதலில் எழுதவேண்டும் என்பது விதி. அதனால் மாவு முதலிலும் பெருங்காயம் கடைசியிலும் இருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், பிரபல டப்பாவிலும் அப்படித்தான் இருக்கும். எவ்வளவு காயம் என்பதை எழுத்து சொல்லாது. ரசத்துக்கு எத்தனை சிட்டிகை போகிறது என்பதுதான் சொல்லும். மலிவு டப்பா இரண்டு மடங்கு வேகத்தில் காலியானால் அது மலிவே இல்லை. இதில் நான் அம்மா கட்சி.

பிஸ்கட், நொறுக்குத்தீனி விஷயத்தில் எம்.ஆர்.பி.யை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். 5 ரூபாய் பாக்கெட் பல வருஷமாக 5 ரூபாயாகவே இருப்பதன் ரகசியம் உள்ளே கிராம் குறைந்துகொண்டே வருவதுதான். இப்போது ஒரு கிராம் என்ன விலை, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால் ஒரு கிலோ என்ன விலை என்பதையும் போடவேண்டும். பொடி எழுத்தில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் சில நாள் பிராண்டே மலிவாக வரும், முக்கியமாக ஆஃபர் போட்டிருக்கும் பெரிய பாக்கெட்டில்.

நல்லெண்ணெய் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அதே அலமாரியில், அதே மஞ்சள் நிறத்தில், தீப எண்ணெய் பாட்டில் நிற்கும். விளக்கேற்ற மட்டும் என்று ஓரத்தில் போட்டிருப்பார்கள். கண் மங்கிய பெரியவர்களைத் தனியாக அந்த அலமாரிப் பக்கம் அனுப்பாதீர்கள்.

காஸ் டியூப், குக்கர் கேஸ்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் ஆர்-6 என்று போட்ட சாதா பேட்டரி போதும், விலை கூடிய ஆல்கலைன் தேவையில்லை. மருந்து தனிக் கணக்கு. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அதே மூலப்பெயரில் மலிவாகக் கிடைக்கிறது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எங்கள் வீட்டில் அங்கேதான் வாங்குகிறோம். வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் கம்பெனியை மாற்றவேண்டாம்.

மிச்சம் அரிசியும் உளுந்தும். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு அரிசிக்கு பிராண்டு பார்ப்பது போல வேடிக்கை வேறில்லை. கேட்கிற பெயரில் பை அச்சடித்து நிரப்பித் தரும் ஆலைகள் உண்டு, பை மாறினாலும் உள்ளே அதே பிபிடி ரக அரிசியாக இருக்கும். 2022 ஜூலையில் 25 கிலோ வரை பை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், 25 கிலோ சிப்பம் ராத்திரியோடு ராத்திரியாக 26 கிலோ ஆனதைப் பார்த்திருப்பீர்கள். விலை ஒப்பிடும்போது அந்த ஒரு கிலோவை மறக்காதீர்கள். சாதத்தை முடிவு செய்வது அரிசியின் வயசு. தை அறுவடை முடிந்து மாசியில் வரும் புது அரிசி எந்தப் பையில் வந்தாலும் குழையும். பழசு என்றால் வாயில் போட்டுக் கடிக்கும்போது நறுக்கென்று உடையும், மண்டிக்காரர்கள் செய்வதும் அதைத்தான்.

உளுந்துக்கு அச்சடித்த எதுவும் உதவாது. சம்பா அறுப்புக்கு முன்னாலேயே வயல் ஈரத்தில் தெளித்து, பங்குனி சித்திரையில் எடுக்கிற நம்மூர் உளுந்து நன்றாக மாவு காணும். ஒரு வருஷம் குடோனில் கிடந்தது எந்தப் பெயரில் வந்தாலும் காணாது. கடைச் சரக்கில் கால் கிலோ, அம்மா வழக்கமாக வாங்குவதில் கால் கிலோ வாங்கி, ஒரே டம்ளரால் அளந்து, அடுத்தடுத்த நாள் அரைத்துப் பாருங்கள். எந்த மாவு கிரைண்டரில் மேலே ஏறி வருகிறதோ அதை வாங்கலாம். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்கவேண்டும், அதற்குள் கடைக்காரர் லாட்டை மாற்றியிருப்பார்.